ஏழு வருடக் கையெழுத்து

ராயபுரம்,
12.8.2003

என் நோயலுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மணி ஒன்றே கால், பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நிலாவுக்குப் போகும் தபாலை விடிந்ததும் எண்ணூர் ஏவுதளத்தில் மூட்டை கட்டிவிடுவார்கள். விட்டால் அடுத்த மாதம்தான்.

பாப்பாவுக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. உங்கள் போட்டோவைக் காட்டினால் கையால் அடிக்கிறாள்.

தேர்வு பற்றி எழுதியதைப் படித்தேன். முப்பது பயிற்சி வீரர்களில் ஜெயிக்கிறவர் தலைவராகி, செவ்வாய்க் காவல் கப்பலுக்கு ஏழு வருடம் போக வேண்டும். மற்றவர்களுக்கு டிசம்பரில் எண்ணூரிலேயே டூட்டி. நீங்களும் வியாசர்பாடி சித்தார்த்தும்தான் முன்னால் நிற்கிறீர்களாம். பெருமைதான். ஆனால் இரண்டாவதாக வந்தால் என்ன? காலேஜில் நான் இரண்டாவதாக வந்தேன், ஒன்றும் குறைந்துபோகவில்லையே.

உங்கள் ஜூடி


நிலாத் தளம்,
3.9.2003

அன்பு ஜூடி,

நீ கேட்டதே நடந்துவிடும் போலிருக்கிறது. போன வாரம் ஒரு பயிற்சி. காற்று ஒழுகும் அறைக்குள் இரண்டு பேர் மயங்கிக் கிடக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு அவர்களைத் தூக்கிவர வேண்டும். தலைவர் வெளியே நின்று ஆள் அனுப்ப வேண்டும் என்பது பாடம். முதலில் நானே உள்ளே இறங்கிவிட்டேன். துறைமுகத்தில் மூன்று வருடம் மூட்டை தூக்கிய பழக்கம். கப்பலின் அடித்தட்டில் மேஸ்திரி இறங்கி மூச்சு விட்டுப் பார்த்த பிறகுதான் எங்கள் கேங் இறங்கும். நாற்பது மார்க் போய்விட்டது.

சித்தார்த் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னா மாமு, ஹார்பருன்னு நெனச்சிகினியா? தலைவருன்னா வெளிய நிக்கணும் நைனா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

மார்க் பாதி, பயிற்சி வீரர்கள் போடும் ஓட்டு பாதி. இப்போதைக்கு அவன்தான் முன்னால். உன்னிடம் மறைப்பானேன், தோற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நோயல்


ராயபுரம்,
10.9.2003

என் நோயலுக்கு,

புருஷனுக்கு நாற்பது மார்க் குறைந்ததற்கு இனிப்பு செய்தவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். டிசம்பருக்குப் பெரிய கொசுவலையாக வாங்கி வைத்துவிட்டேன், மூன்று பேருக்கும் போதும். சித்தார்த் அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜூடி


நிலாத் தளம்,
2.10.2003

ஜூடி,

ஓட்டு முடிந்தது. முப்பதில் இருபத்திரண்டு எனக்கு. 'எங்களுக்கு முன்னால் உள்ளே இறங்கியவன் நோயல்தானே' என்றார்களாம். மார்க்கைக் கூட்டியும் நான்தான் முன்னால்.

அன்றைக்குச் சித்தார்த் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து ஒரு காகிதத்தை நீட்டினான். உன் எழுத்து. 'எப்படியாவது நீங்கள் ஜெயித்துவிடுங்கள் அண்ணா' என்று அவனுக்கு எழுதியிருக்கிறாய். "ஒன் வூட்லேர்ந்து வந்துச்சு மாமு. நானும் முட்டித்தான் பார்த்தேன். வேணும்னு தோக்கலன்னு தங்கச்சியாண்ட சொல்லிடு" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. உன்மேலா, பேர் கூப்பிட்டபோது சந்தோஷப்பட்ட என்மேலா, தெரியவில்லை.

31-ஆம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நான் மறுத்தால் சித்தார்த் போக வேண்டும். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

நோயல்


ராயபுரம்,
13.10.2003

என் நோயலுக்கு,

அந்தக் கடிதம் எழுதியது தப்புதான். உங்களிடம் மறைத்தது அதைவிடத் தப்பு.

கையெழுத்துப் போட வேண்டாம் என்று எழுதி ஒட்டியும் வைத்திருந்தேன். நேற்று சித்தார்த்தின் அம்மா பச்சையம்மா பஸ் ஏறி வந்தார்கள், பாப்பாவுக்கு ஒரு கவுன் வாங்கிக்கொண்டு. மகன் டிசம்பரில் வருகிறான் என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் பாப்பாவையே கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். "ஒன் எதிர்ல சந்தோசப்படக் கூடாதுன்னுதாம்மா நெனச்சிகினு வந்தேன், முடியல" என்றார்கள். அவர்கள் போனதும் ஒட்டிய கவரைக் கிழித்துவிட்டேன்.

அவர்களைப் பார்க்காமல் இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போடுங்கள்.

நீங்கள் வரும்போது பாப்பா மூன்றாம் வகுப்பு படிப்பாள். அவளுக்கு உங்களைப் பற்றி என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று எனக்கே பாதி தெரியாது. கல்யாணம் ஆகி நாம் சேர்ந்து இருந்ததே ஒன்றரை வருடம்தான்.

கப்பல் கிளம்புவதற்குள் ஒரு தபால் வருமாம். கோபம் இருந்தாலும் சரி, சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஜூடி