மேசையின் இடப்பக்கம்

அடி இடதுகைக்காரி,

உன் சாமான்களை அனுப்பச் சொல்லி நீ எழுதியது கிடைத்தது. அன்றிலிருந்து தையல் அறையை ஒழுங்குபண்ணுகிறேன், ஒழுங்குதான் வரமாட்டேன் என்கிறது. எந்த நூல்கண்டு உன்னுடையது, எது என்னுடையது? சேர்ந்து வாங்கியதைப் பாதியாக வெட்டவா முடியும்?

நடுவில் ஒரு துணிப்பொம்மை ஆர்டர், பள்ளி நாடகத்துக்குத் திரை தைக்க இன்னொன்று. இரண்டுக்கும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். "கேக்கிறவங்களுக்கெல்லாம் நீ தலையாட்டு, ராப்பகலா நான் தைக்கிறேன்" என்று நீ கத்திவிட்டுப் போனபிறகும் திருந்தவில்லை பார். வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "இது ரூமா, குடோனா?" என்கிறார்.

உன் பெட்டியைக் கட்டும்போது உன் இடதுகைக் கத்தரிக்கோலை மட்டும் காணோம். தேடினால் மேசைக்கு அடியில் பாப்பா. என் கத்தரியால் காகிதத்தைக் கடித்துக் குதறுகிறவள், உன்னுடையதை இடதுகையில் பிடித்து நிலாவை வட்டமாக வெட்டி வைத்திருக்கிறாள். "சித்தி கத்திரி. தரமாட்டேன்."

அவள் கைக்குத்தான் ஏதோ குறை என்று இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். இனி எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நான் காட்டினால் அவளுக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது.

பெட்டியை அனுப்பவா, பிரிக்கவா, ஒன்றும் புரியவில்லை. கத்தரிக்கோலை மட்டும் கூரியரில் போடமாட்டேன். நீயே வந்து அவளிடம் கேட்டு வாங்கிக்கொள். மேசையில் உன் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே எதை வைத்தாலும், கொஞ்ச நேரத்தில் நானே எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
வலப்பக்கத்துக்காரி