மூன்றாம் குழாய்

செவ்வாய்க் கிரகம், வடபனி நீர்நிலையம்
பதிவாளர்: நித்திலா, மண் விஞ்ஞானி

நாள் 41, காலை 06:10
வெட்டிய பனி 2.3 டன். உருக்கியது 1.9. வடிகட்டிகள் மூன்றும் சரி. வெளியே மைனஸ் எழுபத்தொன்று. காற்று இல்லை.

இதை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது. நிலையத்தில் ஆள் நான் ஒருத்திதான். இங்குள்ள பனியில் ஒரு உப்பு இருக்கிறது. உடம்புக்குள் போனால் தைராய்டை மெல்ல முடக்கிவிடும். அதை வடித்துவிட்டு, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குடியிருப்புக்கு மூன்று குழாய்களில் தண்ணீர் அனுப்புவது என் வேலை. முதல் குழாய் வீடுகளுக்கு. இரண்டாவது தோட்டக் கூடத்துக்கு; இப்போது மூடிக் கிடக்கிறது. மூன்றாவது நிர்வாகி குலசேகரின் மாடிக்கு மட்டும். அவர் குடியிருப்பதும் அங்கேதான்; தனிப் புல்தரையும் உண்டு.

நாள் 43, மாலை 17:40
வெட்டியது 2.1. மற்றவை சரி.

தோட்டக் கூடம் ஏன் மூடிக் கிடக்கிறது என்று எழுதிவைக்கிறேன். அதை அமைத்தவள் நான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சுவர்தான் உலகம். அதனால் ஞாயிறு மாலை எல்லாக் குடும்பங்களும் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வரவேண்டும் என்று ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். அப்பாக்கள் கொத்துவார்கள். பிள்ளைகள் மண்புழு தேடுவார்கள், கண்ணை மூடிக்கொண்டு இலையைத் தடவிப் பெயர் சொல்வார்கள். இருட்டும் நேரத்தில் நிலாச்சோறு. ஒரே குண்டானில் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை. கண்ணாடிக் கூரைக்கு மேலே இந்த ஊர் நிலா போபோஸ் மேற்கிலிருந்து கிளம்பி விறுவிறுவென்று போகும். என் மகள் யாழிக்கு ஆறு வயது. "ஏம்மா இந்த நிலா ஓடுது? அதுக்கு யாரும் ஊட்டி விடலையா?" என்று கேட்டாள்.

இந்த ஊர் மண்ணிலும் அதே உப்புதான். ஏழு தடவை அலசினால்தான் கையில் எடுக்கலாம். குலசேகர் இரண்டே தடவை அலசவிட்டு, மிச்சத் தண்ணீரைத் தன் புல்லுக்குத் திருப்பிக்கொண்டார். அறிக்கையில் ஏழு என்று போட்டார். நான் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு, மறைக்கவில்லை. பதினொரு பிள்ளைகள் அந்த மண் ஒட்டிய கையோடு மாதக்கணக்கில் சோறு வாங்கித் தின்றார்கள். யாழி உட்படப் பதினொரு பேருக்கும் தைராய்டு முடங்கி முகம் வீங்கியது.

விசாரணையன்று அவர் எல்லா வீட்டுக்கும் அனுப்பிய ஒலிபரப்பு என்னிடம் இருக்கிறது: "மண்ணுல உருள விட்டு அதே கையில சோத்த வச்சா வேற என்னம்மா ஆகும்? இந்தக் காலத்துத் தாய்மாருங்க எதுக்கெடுத்தாலும் பதறுவீங்க, கை கழுவ மட்டும் மறந்துடுவீங்க."

கூடத்துக்குப் பூட்டு. எனக்கு வடபனி.

நாள் 46, மாலை 18:05
வீட்டு இணைப்பு, ஒன்பது நிமிடம். என் கணவர் பரணி ஒரு புதினாத் தொட்டியை யாழி பக்கம் நகர்த்தினார்.

"வேணாம்ப்பா! அது மண்ணு. மண்ணு என்னைக் கடிச்சுது."

தூங்கும்போதும் காலுறை போட்டுக்கொள்கிறாளாம். முகத்து வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. இனி ஒரு வாரம் அந்த உப்பு உள்ளே போனாலும் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பதினொரு பிள்ளைகளுக்கும் இப்படித்தான். அவர் புல் மட்டும் பச்சையாக இருக்கிறது.

நாள் 47, காலை 05:50
மூன்றாம் குழாயின் வடிகட்டியைச் சுற்றி மாற்றுவழி திறந்தேன். உப்பு மானியில் பழைய அளவே காட்டும்படி செய்தாயிற்று. பொய் அளவு எழுதுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர் அவர்தானே.

மாடியில் அவரைத் தவிர யாரும் இல்லை. இரண்டு தடவை விசாரித்துவிட்டேன். நான் எதையும் கலக்கவில்லை. உப்பை எடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

நாள் 92, மாலை 16:30
குலசேகரின் அழைப்பு. குரல் கட்டியிருந்தது. சொற்கள் ஒன்றொன்றாக வந்தன.

"என்னம்மா, எனக்கு மட்டும் குளிருது. எந்நேரமும் தூக்கமா வருது. தண்ணியில ஏதும்..."

"மானி சரியாத்தான் காட்டுது, சார். பதறாதீங்க. சாப்பிடுமுன்ன கை கழுவுறீங்கல்ல?"

இணைப்பு முடிந்த பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தட்டுச் சோறு முழுதாக இறங்கியது.

நாள் 97, காலை 11:15
புழுதிப் புயல். சூரியத் தகடுகள் பன்னிரண்டு சதவீதம். பனி வெட்டும் இயந்திரக்கை மடங்கிவிட்டது. அலைக்கம்பம் சாய்ந்திருக்கிறது. வண்டி எடுக்க வழியில்லை. தண்ணீர் மட்டும் தொட்டியிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக் குரல் இல்லை.

நாள் 106, காலை 07:05
ஒன்பது நாளுக்குப் பிறகு அலை கிடைத்தது. தேங்கியிருந்த செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. அப்படியே எழுதுகிறேன்.

நாள் 98, பரணி: "நித்தி, நல்ல சேதி. குலசேகர் சாருக்கு உடம்பு ரொம்ப முடியல. படுத்த இடத்துல மனசு மாறிட்டாரு போல. மண்ண அலச விடாதது நான்தான்னு எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டாரு. புல்தரையைப் பிள்ளைங்களுக்குத் திறந்து விட்டுட்டாரு. பதினொண்ணும் இப்ப அங்கதான் கிடக்குது."

நாள் 100, யாழி: "அம்மா! காலுறைய நானே கழட்டிட்டேன்! புல்லு கூசுதும்மா. ஒரு பூச்சி என் கால் மேல ஏறிச்சு, நான் கத்தவே இல்ல. குழாயத் திறந்துவிட்டு எல்லாரும் நனையுறோம். தாகம் எடுத்தா குலசேகர் தாத்தா அந்தத் தண்ணியிலயே சர்பத் போட்டுத் தராரு."

நாள் 104, பரணி: "ஆட்டம் ஜாஸ்தி. பகல்லயே தூங்கிடுறா. முகம் லேசா உப்பின மாதிரி இருக்கு, வெயில் விளக்கோட சூடா இருக்கும். நீ பதறாதே."

நாள் 106, 07:20
மாற்றுவழியை மூடிவிட்டேன். குழாயிலும் மாடித் தொட்டியிலும் இன்னும் நாலு நாள் தண்ணீர் நிற்கும். நிறுத்த என்னால் ஆகாது. அவர்கள்தான் நிறுத்த வேண்டும். வீட்டு அலை எடுக்கவில்லை. நிர்வாக அலை மட்டும் இருக்கிறது.

07:26
பேசினேன். ஒரு நிமிடம் கிடைத்தது.

"சார், பிள்ளைங்களுக்கு அந்தத் தண்ணியக் குடுக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன், குடுக்காதீங்க."

"யாரு, நித்திலாவா? உன் பயம் எனக்குப் புரியுதும்மா. நான் பண்ணினது அப்படி. ஆனா இந்தத் தடவை... ஒவ்வொரு குடத்தையும் முதல்ல நான் குடிச்சுப் பாத்துட்டுத்தான்மா பிள்ளைங்களுக்குத் தரேன். நீ நிம்மதியா இரு."

ஏன் என்று சொல்லியிருக்க வேண்டும். 'நான்தான்' என்று ஒரு சொல். வாய் வரைக்கும் வந்தது. அவனிடமா, என்று ஒரு விநாடி நின்றேன். அந்த விநாடியில் அலை போய்விட்டது.

07:41
வடபனி அழைக்கிறது. நான்தான் திறந்தேன். மூன்றாம் குழாய். பதில் இல்லை.

08:15
வடபனி அழைக்கிறது. கம்பம் முழுதாகச் சாய்ந்துவிட்டது. உடுப்பு மாட்டிக்கொண்டு வெளியே போய் நிமிர்த்தப் பார்க்கிறேன். நான் திரும்பாவிட்டால் இதைப் படிப்பவர் முதலில் மாடித் தொட்டியை உடையுங்கள். எனக்காக நிற்க வேண்டாம். இன்று ஞாயிறு, எல்லாக் குடும்பமும் அங்கே