கீழே ஏ எங்கே?

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். நாட்டியப் பள்ளியில் பியானோ வாசிக்கும் இந்த வேலை எனக்கு நிலைக்காது போலிருக்கிறது. காட்டில் தனியாக மாட்டிக்கொண்ட பெண்ணின் காட்சிக்கு டீச்சர் 'ஏ மைனர் சிக்ஸ்த்' என்கிற நாலு சுரக் கார்டு கேட்டார். ஏ, சி, ஈ கட்டைகளை ஒன்றாக அமுக்கினேன். மைனர் என்றாரே என்று ஆறாவது சுரத்தையும் அரைப் படி குறைத்து எஃப் சேர்த்தேன். "நடுங்க வைக்கச் சொன்னா, தாலாட்டு பாடுறியே!" என்றார். ஆடுகிற பெண்களெல்லாம் சிரித்தார்கள். திங்கட்கிழமை மறுபடி வாசித்துக் காட்ட வேண்டும். ஓட்டலில் தினமும் வாசிக்கிறவள் நீ. சீக்கிரம் எழுது.

உன் வாலு

மார்ச் 7

அடி வாலு,

அழாதே. மைனர் என்கிற பெயர் கார்டுக்குத்தான், ஆறாவதுக்கு இல்லை. அதை யார் குறைக்கச் சொன்னது? எஃப் அல்ல, அதற்கடுத்த கறுப்புக் கட்டை, எஃப் ஷார்ப். ஏ, சி, ஈ, எஃப் ஷார்ப் நான்கையும் வலது கையில் சேர்த்து அமுக்கு: கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மோதிர விரல், சுண்டுவிரல். முதுகில் சில்லென்று ஏதோ ஓடும். அவ்வளவுதான் விஷயம்.

ஓட்டலுக்குக் கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கிறேன். சும்மா, அலுப்பு. போன் ரிப்பேர்.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்கா,

வேலை பிழைத்தது. காட்டுப் பெண்ணாக ஆடுகிறவளே நிஜமாக வெலவெலத்துப் போனாள். ஆனால் இப்போது எனக்கு வேறு பயம்.

நீ எழுதியபடி வலது கையால் மட்டும் வாசித்தபோது டீச்சர் நிறுத்தினார். "கீழே ஏ எங்கே? இந்த நாலு சுரத்துக்கு வேற பேரும் உண்டு. அடியில கனமா இன்னொரு ஏ நின்னாத்தான் இது மைனர் சிக்ஸ்த்னு காதுல விழும். இடது கையில வை" என்றார். வைத்தேன், சரியாயிற்று. வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. "உன் இடது கை தூங்குதா?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கியவள் நீ. அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே? லீவு வேறு. ரிப்பேர் என்று புளுகாதே, மணி அடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

கைக்கு என்ன, அக்கா? நான் புறப்பட்டு வரட்டுமா?

வாலு

மார்ச் 15

வாலு,

வராதே. வேலை இப்போதுதான் நிலைத்திருக்கிறது.

உன் மூக்குக்கு எதுவும் தப்பாது. இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துவிட்டன. கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். ஆபரேஷன் செய்தால் சரியாகலாம், கை மொத்தமாகப் போனாலும் போகலாம் என்கிறார் டாக்டர். சம்மதக் கையெழுத்துக் கேட்கிறார்கள். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். என்னால் எதை வாசிக்க முடிந்ததோ அதைத்தான் உனக்கு எழுதினேன். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பெரியவள் நான், உன்னை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று பார்த்தேன்.

அக்கா

கவரை ஒட்டிவிட்டுத் தெருமுனை வரை போனேன். தபால் பெட்டியில் போடக் கை வரவில்லை. திரும்பி வந்து பிரித்து எழுதுகிறேன். மேலே வராதே என்றிருப்பதை அடித்துவிடு. பயமா இருக்குடி. நீ வந்தப்புறம் கையெழுத்துப் போடறேன். வா.