இருவரும் ஒதுங்கிய பக்கம்

மாப்பிள்ளை,

இன்று காலைப் பூசை முடிந்து கோயில் படியிறங்கும்போது எதிரே ஒருவர் ஏறி வந்தார். அவருக்கு வழி விடலாமென்று ஒரு பக்கம் நகர்ந்தேன். அவரும் அதே பக்கம் நகர்ந்தார். மறுபக்கம் போனேன், அவரும் அங்கே வந்தார். "யாராவது ஒருத்தர் நிப்போம் அண்ணாச்சி" என்று சிரித்தார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் மயக்கம் என்று யாரோ சோடா வாங்கி வந்தார்கள். நானும் வெயில்தான் என்று சொல்லிக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த மனிதரைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. உன்னைப்போல வழி விடுகிறவனை நான் பார்த்ததில்லை. உப்பு வண்டி வந்தால் தெருவே உனக்கு வேண்டாம், சுவரோடு ஒட்டிக்கொள்வாய். பஸ்ஸில் எல்லாரையும் ஏற்றிவிட்டு, பஸ் போன பிறகு நாம் இரண்டு பேரும் புழுதியில் நின்ற நாட்கள் எத்தனை! என் தங்கையை உனக்குக் கட்டிக்கொடுத்தபோது, கோயிலில் தாலி கட்டவும் பின்னால் நிற்கிறவனுக்கு வழி விட்டுவிடுவானோ என்று கேலி செய்தேன். அவள் என்னை முறைத்தாள்.

கடலில் மட்டும் அதைக் கேலி செய்ய முடியாது. பாய் விரித்துப் போகிற நம் வல்லத்துக்காரர்களிடம் எழுதாத ஒரு முறை இருந்தது. மீனோடு கரைக்கு வருகிற வல்லத்துக்குத்தான் வழி. வெறும் வல்லமாய்க் கடலுக்குப் போகிறவன், தன் பாயைத் தளர்த்தி, காற்று போகிற பக்கமாகச் சாய்ந்து ஒதுங்க வேண்டும். எதிரே வருகிறவன் சொந்தக்காரனா, பகையாளியா என்பதெல்லாம் கிடையாது. எவன் பாரத்தில் தண்ணீரோடு தாழ்ந்து வருகிறானோ அவனுக்கு வழி. இரண்டு கையையும் விரித்த நீளம், ஒரு பாகம், ஒதுங்கினால் போதும் என்கிற இடத்தில் நீ ஒன்பது பாகம் ஒதுங்குவாய். "ஏலே, இப்படியே ஒதுங்கிக்கிட்டுப் போனா நாம எப்பலே வலை போடுதது?" என்று நான் கத்துவேன். "கடல்ல எடத்துக்கா பஞ்சம், மச்சான்?" என்பாய்.

புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் இஞ்சின் வைத்த லாஞ்சுகள் பெருகின. நமக்கும் அவர்களுக்கும் ஆகாது. அவர்கள் நம் வலைகளை அறுத்துப் போவதும், நாம் கரையில் சண்டைக்கு நிற்பதும் தினப்படி. அவர்களில் சாயர்புரம் பக்கத்திலிருந்து வந்த லாஞ்சு டிரைவர் ஒருவன் இருந்தான். கடலோரத்தில் பிறந்தவனில்லை. பயிற்சிக்குப் போய்த் தொழில் படித்தவன். எதிரெதிரே வந்தால் வலப்பக்கம் திருப்பு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சட்டமும் அதுதான். தப்பில்லை.

அன்று சோழகக் காற்று, தெற்கிலிருந்து. நாம் வெறும் வல்லமாய்க் கிழக்கே போகிறோம். அவன் மீனோடு மேற்கே வருகிறான். சுக்கான் உன் கையில், பாய்க்கயிறு என் கையில். "லாஞ்சு தாந்து வருது, மச்சான். பாய விடு" என்றாய். லாஞ்சுக்காரனுக்கு என்னலே மரியாதை என்றேன். "அவனும் மீனோடதான வாரான்" என்றாய். கயிற்றை விட்டேன். வல்லம் வடக்கே சாய்ந்தது. பாய் விரிந்து அந்தப் பக்கக் கடலையே மறைத்துக்கொண்டது. அவன் படித்தபடி வலப்பக்கம் திருப்பினான். மேற்கே வருகிறவனுக்கு வலப்பக்கம் எது? வடக்குதான். நாம் நெருங்குவதைப் பார்த்து இன்னும் வலமாகத் திருப்பினான். இஞ்சின் சத்தம் பக்கத்தில் கேட்கவும் நீ இன்னும் ஒதுங்கினாய். அத்தனை பெரிய கடலில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வழி விட்டு, ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்கள்.

லாஞ்சின் முகப்பு உன் மேல்தான் ஏறியது. என்னைத் தண்ணீரிலிருந்து தூக்கியவன் அந்த டிரைவர். உன்னைத் தேடி மறுபடி மறுபடி குதித்தவனும் அவன்தான்.

உன் அடக்கம் முடிந்து வந்த அன்று அவன் நம் வீட்டு முற்றத்தில் வந்து நின்றான். ஓடியிருக்கலாம், ஓடவில்லை. "நான் ஒதுங்கத்தான் செஞ்சேன்" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு சொல் வரவில்லை. வாசலில் நம் ஆட்கள் துடுப்போடு நின்றார்கள். என் தங்கை உள்ளேயிருந்து வந்து என்னைத்தான் கேட்டாள்.

"அவுக ஒதுங்கலையா, அண்ணே?"

"ஒதுங்குனான்."

"இந்தாளு ஒதுங்கலையா?"

"ஒதுங்குனான்."

"அப்ப ஒதுங்காதவன் யாரு? சொல்லு, நான் அவனுக்கு மண்ணள்ளித் தூத்தணும்."

பழி போட அவளுக்கு ஒருவன் வேண்டியிருந்தது, மாப்பிள்ளை. யாருமில்லை என்று சொல்லியிருந்தால் அவள் பைத்தியமாகியிருப்பாள். அவள் கண் அந்த டிரைவர் பக்கம் திரும்பியது, துடுப்புகளும் திரும்பின. நான் சொல்லிவிட்டேன்: "நான்தாம்மா. அவன் பாய விடச் சொன்னான். லாஞ்சுக்காரனுக்கு எதுக்குன்னு நான் வீம்புக்குப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

வாயால் முனகினாலும் நீ சொன்னபடியே நான் கயிற்றை விட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதைத் தெரிந்த இன்னொரு ஆள் இந்த உலகத்தில் கிடையாது.

அவள் முற்றத்து மண்ணை அள்ளி என் மேல் வீசினாள். டிரைவர் பிழைத்துப் போனான். துடுப்புகள் கீழே இறங்கின. அன்றோடு எனக்குத் தங்கை இல்லை. அவள் மகள் கல்யாணத்துக்கு ஊரே போனது, நான் போகவில்லை. கல்லறைத் திருநாளுக்கு உன்னிடம் வருவதென்றால் அவள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகும்வரை வெளியே காத்திருந்துதான் வருகிறேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று எப்போதாவது தோன்றும். சொன்னால் அவளிடம் மிஞ்சுவது என்ன? யாருமே தப்புச் செய்யாமல் நீ செத்தாய் என்பதுதான். அதை வைத்துக்கொண்டு நானே வாழ முடியவில்லை. அவளால் எப்படி முடியும்?

இப்போது எனக்கும் நெஞ்சு அடிக்கடி அடைக்கிறது. டாக்டர் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருக்கிறார். உன்னிடம் வருவதற்கு எனக்குப் பயமில்லை, மாப்பிள்ளை. நானும் வந்துவிட்டால் அவள் யாரைத் திட்டுவாள்?