பலகையில் போட்ட விலை

அன்புச் சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவின் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் விட்டு, தெம்பாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மூடி மறைக்காமல் சொல்லிவிடு. போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ எடுத்த எடுப்பில் கேட்பது, இன்னைக்கு ரேட் என்னம்மா என்பதுதான். உன் கையில் இருக்கும் போனிலேயே அது தெரியும், ஆனாலும் பணம் மாற்றும் கடையில் பாதி ஆயுசைக் கழித்தவள் என்பதால் என் வாயால் கேட்டால்தான் உனக்குத் திருப்தி. நான் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு மணி அடித்துவிடுகிறது. மற்ற பேச்சுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

போன வாரம் அக்கா வந்திருந்தாள். அவள் மகளுக்குப் பள்ளியில் குடும்பத்தைப் பற்றி எழுதி வரச் சொன்னார்களாம், உங்க கல்யாணம் எப்போ என்று கேட்டாள். நான் பழக்க தோஷத்தில் எட்டே காலில் என்றேன். காலையிலா சாயங்காலமா என்று கேட்கிறது அந்த வாண்டு. அவளுக்கு என்ன தெரியும், நம் வீட்டில் வருஷத்தை யார் ஞாபகம் வைத்தோம்? நீ இப்போது இருக்கிற அந்த நாட்டுக் காசு ஒன்றுக்கு நம் காசு எத்தனை, அதுதானே நமக்குக் காலண்டர். எங்கள் கல்யாணம் எட்டே காலில், அக்கா பிறந்தது பதினொன்றில், மாடி அறை கட்டியது முப்பதில், மழையில் அந்த அறை ஒழுக ஆரம்பித்தது முப்பத்தொன்றில். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது எழுபத்தெட்டில். எட்டே கால் காலத்தில் நம் காசுக்கும் ஒரு மரியாதை இருந்தது, கவுண்டரில் அந்த நோட்டையும் நம் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இப்போது அண்ணன் தம்பியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நீ பிறந்தது பதினாறில். ஆனால் பலகை வேறு சொன்னது. அந்தக் கதையை உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், இன்னொரு தடவை கேள். முதலாளி காலையில் போனில் விலை கேட்டுச் சொல்வார், நான் ஸ்டூலில் ஏறி எண் போட்ட தகரத் தகடுகளை வாசல் பலகையில் மாட்டுவேன். அன்றைக்கு விடியும்போதே எனக்கு வலி வந்துவிட்டது. என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, என் வேலை கெடக்கூடாது என்று, பக்கத்துக் கடையில் தைத்துக்கொண்டிருந்த உன் அப்பாவே போய் மாட்டியிருக்கிறார். அவசரத்தில் ஆறைத் தலைகீழாக மாட்ட, பதினாறு பத்தொன்பது ஆகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் தெருவே அந்த நாட்டு நோட்டோடு வந்து நின்றதாம். அப்பா பதறிப்போய்த் தகட்டைக் கழற்றப் போனபோது முதலாளி தடுத்துவிட்டார். பலகையில போட்டா போட்டதுதான், கழற்றுற வரைக்கும் அதுதான் ரேட், முதல்ல வந்து நிக்கிறவங்களுக்குக் குடுப்போம் என்று சொல்லி, நின்றவர்களுக்கெல்லாம் பத்தொன்பதுக்கே கொடுத்த பிறகுதான் கழற்ற விட்டார். அப்பாவை ஒரு சொல் சொல்லவில்லை, பையன் பொறந்த செலவுன்னு எழுதிக்கிறேன் என்று சிரித்தாராம். அந்த மாதிரி மனுஷர் இனிமேல் பிறந்துதான் வரவேண்டும்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நாளைக்காரரும் இருந்தார். தினமும் சட்டைப் பையில் நோட்டுக் கட்டோடு வந்து, பலகையைப் பார்த்து, நாளைக்குப் பாப்போம் என்று திரும்பிப் போவாரே, அவர்தான். பத்தொன்பதைப் பார்த்தும் அவர் மாற்றவில்லை. இவ்வளவு வேகமா ஏறினா நாளைக்கு இருபது தாண்டும் என்று போய்விட்டார். மறுநாள் வந்தால் பதினாறு. பிறகு அந்த நாட்டில் புது நோட்டு அடித்துப் பழசைச் செல்லாது என்றார்கள், அப்போதும் அந்தக் கட்டு அவர் பையிலேயே இருந்தது. நாங்கள் எல்லாரும் அவரைக் கேலி செய்து சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் என் வயிற்றிலேயே ஒரு நாளைக்காரன் பிறந்திருக்கிறான். நூறு ஆகட்டும்மா, வந்து முக்குக் கடையை வாங்கிப் போட்டுட்டு இங்கேயே இருந்துடறேன் என்றாய். அப்போது தொண்ணூறு. இப்போது தொண்ணூற்றாறு. நீ அங்கே சந்தோஷப்படும் அன்றைக்கு இங்கே எண்ணெய் ஏறுகிறது, அப்பாவின் மாத்திரை ஏறுகிறது, முக்குக் கடைக்காரர் மட்டும் சும்மா இருப்பாரா? அவரும்தான் ஏற்றிக்கொண்டே போகிறார். நூறு வந்தால் நூற்றைந்து ஆகட்டும் என்பாய். அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது? எனக்குக் கடையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான். அப்பா வாய்விட்டுச் சொல்ல மாட்டார். உன் அளவுக்கு ஒரு சட்டை வெட்டி வைத்துக்கொண்டு, பழைய அளவு சரியா வருமோ என்னமோ என்று தைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

நேற்று நான் சந்தைக்குப் போய்த் திரும்பினால் மனுஷர் ஸ்டூலில் நிற்கிறார். கடையை மூடியபோது முதலாளி எனக்குக் கொடுத்த தகடுகளைப் பரணிலிருந்து இறக்கி, கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். இந்தத் தடவ தலைகீழா மாட்ட வழியே இல்ல பார் என்று என்னிடம் பெருமை வேறு. நான் திட்டின திட்டு தெருமுனை வரை கேட்டிருக்கும். முழங்கால் வீங்கிவிட்டது, இனி ஸ்டூல் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீ நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசி. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஒன்று மட்டும் மறக்காதே. நம் வீட்டில் நூறு ஆகிவிட்டது, கழற்றுகிற வரைக்கும் அதுதான் ரேட். ஸ்டூலில் ஏறினாலும் எனக்கு அவ்வளவு உயரம் எட்டாது, அப்பாவால் இனி ஏற முடியாது. நீ வந்துதான் கழற்ற வேண்டும்.

பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா