ஆசா பிராட் வராத நாள்

வெஸ்ட் ஹார்லோ, ஏப்ரல் 23

அன்பு மகள் லிடியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் ஏணியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. சியாட்டிலில் நீங்கள் மூவரும் நலம்தானே, குழந்தைக்குச் சளி விட்டதா? திங்கட்கிழமை ஊர்ப் புல்வெளியில் வழக்கமான பெயர் வாசிப்பு நடந்தது. சுதந்திரப் போரின் முதல் நாள் ஆங்கிலேயப் படை வருகிறதென்று மணி அடித்ததும் துப்பாக்கியோடு ஓடிய இருபத்தாறு பேரின் பெயரை வாசிப்பார்கள், அவரவர் வம்சத்தில் ஒருவர் “வந்தேன்” என்பார், உனக்குத் தெரியாததா. ஆசா பிராட்டுக்கு வாரிசு இல்லையென்று முப்பத்தொரு வருஷத்துக்கு முன் அந்தப் பெயரை என்னிடம் கொடுத்தார்கள். மீன்காரன் மகன் நான், வெளியூரிலிருந்து வந்து ஆணி, பெயின்ட் கடை போட்டவன், அதுவரை எல்லாருக்கும் ஆணிக்கடை ஆள். அதற்குப் பிறகுதான் ஜோ என்று கூப்பிட்டார்கள்.

இந்த வருஷம் அதற்கே ஆபத்து வந்தது. அருங்காட்சியகக் கூரை ஒழுகி, அதைப் பார்த்துக்கொள்கிற வினிஃப்ரெட் அலமாரியை நகர்த்தியபோது பின்னால் அன்றைய படையின் கேப்டன் கைப்பட எழுதிய பட்டியல் கிடைத்தது. ஆசா பெயருக்கு எதிரே “வரவில்லை” என்று இருக்கிறது, காரணம் எழுதவில்லை. கடைக்கே வந்து, “ஜோ, உன் ஆளு வீட்டை விட்டே கிளம்பலையாம்ப்பா” என்று சிரித்தாள். அருங்காட்சியகக் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பால்பண்ணை கர்ட்டிஸ், “வராதவன் பேரை எதுக்குய்யா வாசிக்கணும், அடிச்சுடுங்க” என்றான், பாதிப்பேர் தலையாட்டினார்கள். லிடியா, அந்தப் பெயர் போனால் வரிசையில் என் இடமும் போகும். எழுந்து, “பேரும் இருக்கு, பதிலும் கேப்டனே எழுதியிருக்காரு. நீங்க வாசிங்க, எழுதினதையே நான் சொல்றேன்” என்றேன். கர்ட்டிஸ், “ஊரு முன்னாடி அதைச் சொல்ல உனக்கு வெக்கமா இருக்காதா?” என்றான். “அந்த ஆளுக்குப் பதில் சொல்றேன்னுதானே ஒத்துக்கிட்டேன், வீரனா இருந்தாத்தான் சொல்வேன்னா சொன்னேன்?” என்றேன். கை தூக்கினார்கள், வாசிக்கலாம் என்று பதினான்கு பேர், வேண்டாம் என்று ஒன்பது பேர், பெயர் தங்கியது. பட்டியலும் இப்போது வாசலிலேயே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.

திங்களன்று பெயர் வாசித்ததும் “வரவில்லை” என்று உரக்கச் சொன்னேன். முரசு அடிப்பவன் ஒரு அடியைத் தவறவிட்டான், பிறகு அடுத்த பெயருக்குப் போனார்கள். கர்ட்டிஸ் காப்பியை நீட்டி, “பயந்தாங்கொள்ளிக்கு என்னா குரலுடா” என்றான், அவன் வாயில் அது பாராட்டு. ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கு ஆசா நினைவுக்கு வரவில்லை, உன் பட்டமளிப்பு விழாதான் வந்தது. பெயின்ட் விற்கிற வாரம், கடையை மூட மனமில்லாமல் அம்மாவை மட்டும் அனுப்பினேன். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அதற்கு மேல் காரணம் எதுவும் கிடையாது, என் தப்பு.

ஜூன் எட்டாம் தேதி குழந்தையின் ஞானஸ்நானம் இதே பெயின்ட் சீசனில்தான் வருகிறது. கடை நான்கு நாள் மூடியிருக்கும் என்று இன்றே கதவில் அட்டை மாட்டிவிட்டேன். படிக்கட்டுக் கைப்பிடி ஆடுகிறது என்றாயே, அதைப் பிடித்து இறங்காதீர்கள், திருகாணியும் நானே கொண்டுவருகிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு ஆயிரம் முத்தம், ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.

இந்த முறை வருகிற,
உன் அப்பா
ஜோ ஃபுர்டாடோ