டைகர் உட்கார்ந்த மதியம்

ஆட்டு ஈரல் வேகும் வாசனை காலையிலிருந்து வீடு முழுக்க நிற்கிறது. உப்பும் மஞ்சளும் போடாமல் வேகவைத்த ஈரலுக்கு ஒரு கவிச்சி உண்டு. திரைச்சீலையில் ஏறினால் லேசில் இறங்காது. மருமகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வடவள்ளியில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும், செருப்பு தின்கிற நாய்க்குட்டி ஒன்று இருக்கிறதாம். ஈரலை நறுக்கிக்கொண்டிருந்தபோது, "பெருசா வெட்டாத புள்ள, அது விருந்துக்கா வந்திருக்குது" என்று நீ அதட்டுவது காதில் கேட்டது. நீ இறந்து இந்தக் கார்த்திகையோடு ஒரு வருடம். கத்தியை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் நாய் பழக்குகிறவர் என்றால் ஆண்தான். மீசை, பிரம்பு, கழுத்தை இறுக்கும் சங்கிலி. நீயும் நானும் ஒரு மொபெட்டில் போய் இறங்கினால், பின்னால் ஆம்பிளை யாராவது வருகிறாரா என்று வீட்டுக்காரர்கள் தெருவை எட்டிப் பார்ப்பார்கள். உக்கடம் பழைய புத்தகக் கடையில் கிடைத்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் படித்துவிட்டு, அடிக்காமலே நாயைப் பழக்கலாம் என்று நீ பிடித்த பிடிவாதம்தான் நம் தொழில். அதில் சொல்லியிருந்த, சத்தம் எழுப்புகிற சின்னக் கருவி இங்கே எங்கும் கிடைக்கவில்லை. தேர்த்திருவிழாவில் விற்கிற, அழுத்தினால் டிக்கென்கிற தகரத் தவளையை வாங்கி வந்தாய். நாய் சரியாகச் செய்த நொடியில் ஒரு டிக், கூடவே ஒரு துண்டு ஈரல். வித்தை அவ்வளவுதான். எனக்கோ முன்கோபம். நாயிடம் காட்டமாட்டேன், நாய் வைத்திருப்பவர்களிடம் காட்டுவேன். "உன்னையத்தான் மொதல்ல பழக்கோணும்" என்று என் முகத்துக்கு நேரே தவளையை அழுத்திச் சிரிப்பாய்.

அப்படிச் சிரித்துக்கொண்டேதான் கருமத்தம்பட்டிக்கும் போனோம். தறிக்கூடம் வைத்திருந்த முதலாளியின் மனைவி ஆள் விட்டிருந்தார். அவர்கள் வீட்டு டைகர், அல்சேஷன் கலப்பு, தறி ஓட்டுகிற ஒருவரின் தொடைச் சதையைப் பிய்த்துவிட்டது. இன்னொரு தடவை கடித்தால் அடித்துக் கொன்றுவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். "ஏனுங்க அம்மணி, குட்டியில இருந்து நான் சோறு போட்டு வளத்துனதுங்க. அதக் கொல்லாம ஏதாச்சும் பண்ண முடியுங்களா?" என்று அந்த அம்மாள் உன் கையைப் பிடித்துக்கொண்டார்.

டைகரை நூல் குடோனில் இருட்டில் கட்டியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் சங்கிலி அறுகிற மாதிரி பாய்ந்தது. காது நுனி கிழிந்திருந்தது, விலாவில் ரோமம் போய்த் தழும்பு. நான் கிட்டே போனேன், உறுமியது, பிறகு அடங்கியது. ஒரு தறிக்காரரின் துண்டை நீ வாங்கி வந்து தூரத்தில் விரித்தாய். அதில் பஞ்சுத்தூசு படிந்திருந்தது. டைகர் தரையைப் பிறாண்டி, வாயில் நுரை தள்ள, தன் சங்கிலியையே கடித்தது. ஈறு கிழிந்து ரத்தம் வந்தது.

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. நூல் திருட்டுக்குப் பயந்து, நாய்க்கு ஆக்ரோஷம் ஏற்ற வேண்டும் என்று முதலாளியின் மச்சான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். பகலெல்லாம் இருட்டறை. ஷிப்ட் முடிந்ததும் தறிக்காரர்களில் ஒருவர் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு போய்த் தடியால் அடிக்க வேண்டும். அடித்து முடிந்தபின் மச்சான் கறிச்சோற்றோடு போவான். வெளியாளைக் கண்டால் குதறும், தனக்கு மட்டும் வாலாட்டும் என்பது அவன் கணக்கு. ஆனால் டைகர் படித்த பாடம் வேறு. தலையில் பஞ்சு ஒட்டியிருப்பவன் எவனோ, அவன்தான் அடிக்கிறவன். திருடன் எவனும் தலையில் பஞ்சோடு வருவதில்லை. ஊரிலேயே பஞ்சுத் தலையோடு திரிந்தது சொந்தத் தறிக்காரர்கள்தான். எனக்கு அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. நீ என் முழங்கையைக் கிள்ளினாய்.

வாரக்கணக்கில் போனோம். தறிக்காரர்கள் தலையில் பஞ்சோடு ஒவ்வொருவராக வந்து, எட்ட நின்று ஈரல் போட்டார்கள். தொடையில் கடிபட்டுத் தையல் போட்டிருந்தவரும் நொண்டிக்கொண்டு வந்து போட்டார், அதை நான் மறக்கவே மாட்டேன். சாக்கைக் கவ்வினால் "விடு", விட்டால் டிக். பிறகு "உக்காரு". பஞ்சுத் தலையைக் கண்டால் பாய்ந்த நாய், பஞ்சுத் தலையைக் கண்டால் உட்கார்ந்து ஈரலுக்காகக் கையைப் பார்க்கத் தொடங்கியது. அந்த அம்மாள் வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளிகூட, "பரவாயில்லீங்க" என்றார்.

மச்சானுக்குத்தான் பொறுக்கவில்லை. பெருந்துறையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், காவல் நாய் உட்கார்ந்து ஈரல் கேட்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அன்று மதியம் நாம் போய் இறங்கியபோது அவன் நாயை முற்றத்தில் கயிற்றால் கட்டியிருந்தான். "கொலகார நாயக் கோழிக்குஞ்சாக்கிப் போட்டீங்களே. இப்பப் பாருங்க" என்றான். இடது கையில் சாக்கைச் சுற்றி, வலது கையில் இருந்த இரும்புச் சங்கிலியால் டைகரின் முகத்தில் வீசினான். நீ "நிறுத்துங்க" என்று ஓடுவதற்குள் இன்னும் இரண்டு வீச்சு. ஒரு கண் மூடிப்போயிற்று. கட்டியிருந்த கயிறு அறுந்தது. டைகர் சாக்கைத் தொடவில்லை, அதற்கு மேலே, தோள்பட்டையில் பல்லைப் பதித்து அவனைக் கீழே சாய்த்தது. சட்டையும் சதையும் சேர்ந்து கிழிகிற சத்தம் இப்போதும் எனக்குள் இருக்கிறது. அவன் அலறிய அலறலில் தறிகளை நிறுத்திவிட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள்.

நீ ரத்தத்தில் முட்டி போட்டு அதன் முகத்துக்கு நேரே குனிந்தாய். கத்தவில்லை. ஈரல் கொடுத்துப் பழக்கியபோது சொன்ன அதே குரலில் "விடு" என்றாய்.

விட்டது. வாயில் சதையோடு, அடி வாங்கிய முகத்தோடு, விட்டது.

நீ ஒரு எட்டு பின்னால் வந்து "உக்காரு" என்றாய். உட்கார்ந்தது. ஒற்றைக் கண்ணால் உன் கையையே பார்த்தது. உன் கை இடுப்புப் பைக்குள் போனது. முதலாளி பின்னாலிருந்து தறிக்கட்டையை இரண்டு கையாலும் ஓங்கி அதன் மண்டையில் இறக்கினார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது அடியில் மண்டை உடைந்தது.

மூன்றாவதற்கு நான் விடவில்லை. மச்சான் கீழே போட்டிருந்த சங்கிலியை எடுத்து முதலாளியின் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்தது. இன்றுவரை அதற்காக நான் வருந்தவில்லை. அவர் புகாரும் கொடுக்கவில்லை, பொம்பளையிடம் அடி வாங்கியதை எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்வார்?

திரும்பிப் பார்த்தபோது நீ தவளையை அழுத்தினாய். டிக். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அதன் வாயில் ஒரு துண்டு ஈரலை வைத்தாய். விழுங்க முடியாமல் அது நாக்கில் கிடந்தது. "என்ன புள்ள பண்ற?" என்று கத்தினேன். "சொன்னதச் செஞ்சுதில்ல? குடுக்கோணும்" என்றாய். அந்த அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். மச்சானைக் காரில் ஏற்றினார்கள். டைகரின் கைகால் அடங்கும்வரை நீ எழுந்திருக்கவில்லை.

திரும்பும் வழியில் மொபெட்டை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் வாந்தி எடுத்தாய். என்னைத் திட்டினாய். "நாய அடிக்கக் கூடாதுன்னு ஊரெல்லாஞ் சொல்லிப்போட்டு, மனுசன அடிக்கிறியே." நான் பதிலுக்குக் கத்தினேன். நீ முகத்தைத் துடைக்காமலே சொன்னாய்: "உக்காந்திருக்கிற நாய எவனும் அடிக்கமாட்டான்னு நெனச்சுத்தான் புள்ள சொன்னேன்."

அதன்பிறகு எத்தனையோ வீடுகள், எத்தனையோ நாய்கள். நீ தொழிலை விடவில்லை. ஆனால் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாய். நாயைத் தொடுவதற்கு முன் அந்த வீட்டில் அதை அடித்த ஒவ்வொருவரும் உன் முன்னால் அதற்கு ஈரல் கொடுக்க வேண்டும். மறுக்கிறவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவாய். பல வீடுகளிலிருந்து அப்படி எழுந்து வந்திருக்கிறோம்.

நீ சிரிப்பது இல்லாமல் இந்தத் தொழில் எனக்கு வெறிச்சென்று இருக்கிறது. கோபமும் போகவில்லை. உன்னைப் போல எல்லோரையும் நம்ப எனக்கு இன்னும் வரவில்லை, வரவும் வேண்டாம். எந்த வீட்டிலும் எந்த நாயிடமும் "உக்காரு" என்று சொல்வதற்கு முன், அதன் முதுகுக்குப் பின்னால் நிற்பவர்களின் கைகளைப் பார்த்துவிடுகிறேன். கை காலியாக இருந்தால்தான் சொல்கிறேன்.